என் தளத்துக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள்? மூன்று இடத்தில் மூன்று கணக்கு

செடிகொடி | செவ்வாய், இரவு 8:10

வணக்கம். செடி வளர்ப்பு பற்றி நான்கு வருடமாக ஒரு தளம் நடத்தி வருகிறேன். விதை விற்கும் ஒருவர் என் தளத்தில் விளம்பரம் கொடுக்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மாதம் எத்தனை பேர் வருகிறார்கள்?" பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் பேனலில் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற, வருகைகளை எண்ணும் கருவி இருக்கிறது. போன மாதத்துக்கு அது காட்டுவது: ஹிட்ஸ் 4,12,000, விசிட்ஸ் 11,300. கூகுள் அனலிட்டிக்ஸில் யூசர்கள் 2,140, பக்கப் பார்வை 9,800. கூகுள் தேடலில் என் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் கிளிக் 1,320.

எல்லாம் அதே மாதம், அதே தளம். 4 லட்சம் என்று சொன்னால் அவரை ஏமாற்றுவது போல இருக்கிறது. 1,320 என்றால் நான்கு வருட உழைப்பை நானே குறைத்துச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. எதைச் சொல்வது நியாயம்?

பழைய_சர்வர் | செவ்வாய், இரவு 9:25

எல்லாமே சரியான கணக்குதான். ஒவ்வொன்றும் எண்ணுகிற பொருள் வேறு, அவ்வளவே.

முதலில் ஹிட்ஸ். உங்கள் சர்வரிடம் யார் எதைக் கேட்டாலும் அது லாக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். கேட்டவரின் ஐபி முகவரி (அவரது இணைய இணைப்பின் எண்), நேரம், கேட்ட கோப்பின் பெயர், கிடைத்ததா இல்லையா என்பதற்கான எண் (200 என்றால் கொடுத்தாயிற்று, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை), எத்தனை பைட் போனது, எந்தத் தளத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர் என்று அதுவே சொல்லிக்கொண்ட பெயர். இவ்வளவுதான் சர்வருக்குத் தெரியும். கேட்டது மனிதனா, நிரலா என்பது அதற்குத் தெரியாது. பக்கத்தைக் கேட்டாலும் ஒரு வரி, பக்கத்தில் உள்ள சின்னப் படத்தைக் கேட்டாலும் ஒரு வரி. அந்த வரிகளின் கூட்டுத்தொகைதான் ஹிட்ஸ்.

தொண்ணூறுகளில் இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அனலாக், வெபலைசர் போன்ற கருவிகள் அந்தக் காலத்தில் வந்தவை. லாக் கோப்பைப் படித்துக் கூட்டிச் சொல்வதுதான் அவற்றின் வேலை. பக்கத்தில் பத்துப் படம் சேர்த்தால் வாசகர் ஒருவர்கூடக் கூடாமலே ஹிட்ஸ் ஏறிவிடும். அதனால் அந்த எண்ணை விளம்பரதாரரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். பிரவுசரின் கேஷை (அது ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் நகல்களை) அழித்துவிட்டு உங்கள் கட்டுரை ஒன்றை ஒரே ஒரு முறை திறங்கள். உடனே லாக் கோப்பை இறக்கி, உங்கள் ஐபி முகவரி உள்ள வரிகளை எண்ணுங்கள். நான் சொல்வதைவிட அது தெளிவாகப் புரியவைக்கும்.

செடிகொடி | செவ்வாய், இரவு 10:48

செய்து பார்த்தேன் அண்ணா. ஒரே ஒரு முறை திறந்ததற்கு 38 வரிகள்! பக்கத்துக்கு 1, ஸ்டைல் கோப்பும் ஸ்கிரிப்டும் சேர்த்து 7, எழுத்துருவுக்கு 3, படங்களுக்கு 26, டேபில் தெரியும் குட்டி ஐகானுக்கு 1. எல்லாம் இரண்டு விநாடிக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் 4,12,000-ஐ 38-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10,800 வருகிறது. விசிட்ஸ் 11,300-க்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான் சரியான கணக்கா?

பழைய_சர்வர் | செவ்வாய், இரவு 11:05

இல்லை, அது தற்செயல். வகுத்துப் பார்க்க முடியாது. இரண்டாம் முறை வருபவரின் பிரவுசர் படங்களை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும், அவருக்கு 38 வரி விழாது, நாலைந்துதான் விழும். தேடுபொறியின் பாட் (தானாகவே பக்கங்களை எடுக்கும் நிரல்) பெரும்பாலும் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகும். நடுவில் சிடிஎன் (உங்கள் கோப்புகளின் நகலை வைத்துத் தரும் இடைநிலைச் சர்வர்கள்) வைத்திருந்தால் அதுவே பல கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லிவிடும், உங்கள் சர்வருக்கு விஷயமே தெரியாது.

மின்னல்கீற்று | புதன், காலை 6:30

பாட் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் 11,300-இன் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பாட்களில் இரண்டு வகை. ஒன்று, பெயர் சொல்லிக்கொண்டு வருவது. கூகுள்பாட், பிங்பாட் எல்லாம் யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டுத்தான் பக்கத்தைக் கேட்கும். ஏடபிள்யூஸ்டாட்ஸிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் உள்ளவற்றைத் தனியாக ஒதுக்கிவிடும். 404 போன்ற பிழைகளையும் ஒதுக்கிவிடும். மற்றது, சாதாரண குரோம் பிரவுசர் என்று சொல்லிக்கொண்டு வருவது. பட்டியலில் இல்லாததால் அதுவும் ஒரு விசிட் என்று எண்ணப்பட்டுவிடும்.

செடிகொடி, லாக் கோப்பைத்தான் இறக்கி வைத்திருக்கிறீர்களே, அதை ஐபி வாரியாக அடுக்கிப் பாருங்கள். மனிதர் படிக்கும் வேகத்துக்கும் நிரல் எடுக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செடிகொடி | புதன், காலை 9:15

பார்த்தேன். திகைப்பாக இருக்கிறது. ஒரே ஐபி முகவரி, 4 நிமிடத்தில் 212 கட்டுரைகளைத் திறந்திருக்கிறது. படம் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பிரவுசர் பெயர் குரோம் என்று இருக்கிறது. இது மாதிரி நிறைய. இன்னொரு கூட்டம், தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் நுழைவுப் பக்கத்தைத் தேடி விடிய விடிய வந்திருக்கிறது. என் தளம் வேர்ட்பிரஸே இல்லை. எல்லாவற்றுக்கும் 404 தான் போயிருக்கிறது.

அதே கோப்பில் இன்னொன்றும் பார்த்தேன். ஒருவர் இரவு 11:40-க்கு வேரழுகல் கட்டுரையைத் திறந்திருக்கிறார். 7 நிமிடம் கழித்து மண் கலவை பற்றிய பக்கம். அப்புறம் 12 நிமிடம் கழித்து மறுபடியும் வேரழுகல். படங்கள் எல்லாம் வரிசையாக இறங்கியிருக்கின்றன. யாரோ ஒருவர் தன் செடியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று தோன்றியது. நான்கு வருடத்தில் ஒரு வாசகரை இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

எண்ணிப்பார் | புதன், காலை 10:02

அந்தப் பாட்களில் பெரும்பாலானவை ஸ்கிரிப்டை இயக்காது. அதனால்தான் அனலிட்டிக்ஸில் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. பக்கத்தில் வைத்திருக்கும் அனலிட்டிக்ஸின் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வாசகரின் பிரவுசரில் ஓடினால்தான் கூகுளுக்குத் தகவல் போகும். தெரிந்த பாட்களை அவர்களும் தங்கள் பக்கத்தில் கழித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் 2,140 என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். தொழிலில் எல்லோரும் அதைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தறிநூல் | புதன், நண்பகல் 12:20

எண்ணிப்பார் சொன்னதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. 2,140 என்பது 2,140 மனிதர்கள் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் ஹிட்ஸில் செய்த அதே தவறு சின்ன அளவில் திரும்பவும் நடக்கும்.

ஒருவர் திரும்ப வந்தார் என்று எப்படித் தெரிகிறது? குக்கியை வைத்து. 1994-இல் நெட்ஸ்கேப்பில் பிறந்த ஏற்பாடு அது. முதல் முறை வரும் பிரவுசரிடம் ஒரு எண்ணைக் கொடுத்து வைப்பது, மறுமுறை வரும்போது அதே எண் இருந்தால் பழையவர் என்று கொள்வது. எண் கொடுக்கப்படுவது பிரவுசருக்கு. ஆளுக்கு இல்லை. காலையில் போனிலும் இரவில் லேப்டாப்பிலும் படிக்கிற ஒருவர் இரண்டு யூசர். வீட்டில் ஒரே டேப்லெட்டில் மூன்று பேர் படித்தால் ஒரு யூசர். குக்கியை அழித்தால் புதியவர். சஃபாரியில் 2019-க்குப் பிறகு இப்படி ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் குக்கிக்கு ஆயுள் 7 நாள்தான். ஐபோனில் உங்கள் தளத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை படிப்பவர் ஒவ்வொரு முறையும் புது வாசகர் ஆகிவிடுகிறார்.

இவை பெரும்பாலும் கூடுதலாக எண்ண வைப்பவை. குறைவாக எண்ண வைப்பவையும் உண்டு. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரின் பிரவுசரில் அந்த ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓடாது. 2018 மே 25 முதல் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் அங்கிருந்து வருபவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்துவிட்டால் முழுதாக எண்ண முடியாது. மெதுவான இணைப்பில் ஸ்கிரிப்ட் வந்து சேரும் முன்பே பக்கத்தை மூடிவிடுபவர்களும் கணக்கில் இல்லை.

கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

எண்ணிப்பார் | புதன், நண்பகல் 12:55

சரி, ஏற்றுக்கொள்கிறேன். 2,140-ஐ அப்படியே சொல்லச் சொன்னது என் அவசரம். ஆனால் குக்கி இல்லாமல் ஐபி முகவரியை வைத்து எண்ணினால் இன்னும் மோசம் அல்லவா? மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான போன்கள் இருக்கும். வீட்டு இணைப்பிலோ ஐபி அடிக்கடி மாறும். ஏடபிள்யூஸ்டாட்ஸின் விசிட்ஸ் அப்படி எண்ணியதுதான்.

தறிநூல் | புதன், பிற்பகல் 1:10

ஆமாம், மோசம்தான். பிளாசிபிள் போன்ற குக்கி இல்லாத கருவிகள் ஐபி, பிரவுசர் பெயர், தளத்தின் பெயர், தினமும் மாறும் ஒரு ரகசிய எண் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் (திரும்பப் பிரித்தறிய முடியாத குறியீடு) ஆக்கி வைத்துக்கொள்கின்றன. மறுநாள் அந்த ரகசிய எண்ணை அழித்துவிடுகிறார்கள். வாசகரின் அந்தரங்கத்துக்கு நல்லது, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதற்கும் ஒரு விலை உண்டு: ஒருவர் மாதத்தில் ஐந்து நாள் வந்தால் ஐந்து பேர் என்று எண்ணும். அவர்களே இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நள்ளிரவு_வாசகி | புதன், மாலை 4:40

இதையொட்டி ஒன்று. தினசரி யூசர் எண்ணிக்கையைக் கூட்டி மாத எண்ணிக்கை என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் வருகிற ஒரு வாசகர் அந்தக் கூட்டலில் முப்பது பேர் ஆகிவிடுவார். விளம்பரம் கேட்டு வருபவர்களிடம் இந்தக் கூட்டலைக் காட்டிப் பெரிய எண் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒருவர் ஒரு தடவை வந்து போவதைக் குறிக்கும் விசிட், செஷன் என்பதற்கும் ஊருக்கொரு விளக்கம். கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பான ஜிஏ4-இல் 30 நிமிடம் அசைவே இல்லாவிட்டால் செஷன் முடிந்தது என்று கணக்கு. ஏடபிள்யூஸ்டாட்ஸில் அது ஒரு மணி நேரம். அதன் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நள்ளிரவு 12 அடித்தால் செஷனை இரண்டாக வெட்டிவந்தது. 11:50-க்கு வந்து 12:10-க்குப் போன ஒருவர் இரண்டு செஷன். ஜிஏ4-இல் அந்த வழக்கம் இல்லை. 2023 ஜூலை 1-ஆம் தேதி பழையது நின்றுபோனபோது "டிராஃபிக் குறைந்துவிட்டது" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் பலர். வாசகர் குறையவில்லை, அளவுகோல் மாறியிருந்தது.

செடிகொடி | புதன், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தோஷமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜிஏ4-இல் எங்கேஜ்மென்ட் ரேட் 97 சதவீதம் என்று காட்டுகிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஆழ்ந்து படிக்கிறார்கள் என்று அர்த்தம்தானே? இதை விளம்பரதாரரிடம் சொல்லலாமா?

எண்ணிப்பார் | புதன், இரவு 8:52

பொறுங்கள், சொல்லிவிடாதீர்கள். 97 என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மொத்த செஷனில் எங்கேஜ்டு ஆனவை எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த ரேட். ஒரு செஷன் எப்போது எங்கேஜ்டு ஆகிறது? 10 விநாடிக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்து வைத்த ஒரு செயல் நடக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கப் பார்வையாவது இருக்க வேண்டும். தேடுபொறியிலிருந்து வருகிறவர்களில் சிலராவது மூன்று விநாடியில் திரும்பிப் போவார்கள், எவ்வளவு நல்ல தளமானாலும். அவர்களும் எங்கேஜ்டு ஆகிறார்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் பக்கப் பார்வை இரண்டு விழுகிறது என்று அர்த்தம். உங்கள் பக்கப் பார்வை 9,800 என்றீர்களே, ஒரு பக்கத்துக்கு டேக் (அனலிட்டிக்ஸின் அந்த ஜாவாஸ்கிரிப்ட்) இரண்டு முறை ஓடுகிறதோ என்று நினைக்கிறேன்.

பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸ் திறந்து, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு, கூகுள் அனலிட்டிக்ஸுக்குப் போகும் கோரிக்கைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பக்கப் பார்வை ஒரு முறை போக வேண்டும்.

செடிகொடி | புதன், இரவு 9:40

இரண்டு முறை போகிறது.

எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட் கோப்பில் நேரடியாக ஒரு டேக் இருக்கிறது. டேக்குகளை நிர்வகிக்கும் கூகுள் கருவியான டேக் மேனேஜர் வழியாக அதே அனலிட்டிக்ஸ் கணக்கு எண்ணுக்கு இன்னொன்று. போன வருடம் தளத்தைப் புதுப்பித்துத் தந்தவர் பழையதை நீக்காமல் புதியதைச் சேர்த்திருக்கிறார். நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பார்வை இரட்டிப்பானது புது வடிவமைப்பால் என்று நினைத்து மகிழ்ந்திருந்தேன். இந்த எண்ணை நம்பி எந்தத் தலைப்பில் எழுதுவது என்றெல்லாம் முடிவு எடுத்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

எண்ணிப்பார் | புதன், இரவு 9:51

வருந்தாதீர்கள், இது அடிக்கடி நடப்பது. இரண்டு டேக்கும் ஒரே குக்கியைப் படிப்பதால் யூசர் எண்ணிக்கை கெட்டிருக்காது. பக்கப் பார்வை ஏறக்குறைய 4,900 என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டுரை எதைவிட அதிகம் படிக்கப்பட்டது என்ற ஒப்பீடும் மாறாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இரட்டித்திருக்கும். டெம்ப்ளேட்டில் உள்ளதை நீக்கிவிட்டு, நீக்கிய தேதியை எங்காவது எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அந்த வளைவைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க உதவும்.

மின்னல்கீற்று | வியாழன், காலை 6:45

சர்ச் கன்சோலின் 1,320 பற்றி யாரும் பேசவில்லையே. அது கூகுள் தேடல் முடிவில் உங்கள் இணைப்பைக் கிளிக் செய்தது மட்டும். நேரடியாக வந்தவர், நண்பர் அனுப்பிய இணைப்பில் வந்தவர் எல்லாம் அதில் இல்லை. இன்னொன்று, அதன் தினசரிக் கணக்கு அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி ஓடுகிறது. ஒரு நாளை எடுத்து அனலிட்டிக்ஸோடு ஒப்பிட்டால் பொருந்தாது, மாதமாக ஒப்பிடுங்கள்.

நள்ளிரவு_வாசகி | வியாழன், காலை 11:30

மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் 'டைரக்ட்' என்று ஒரு பெரிய பகுதி இருக்கும். முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லோரும் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு, மின்னஞ்சல் செயலியில் தொட்டது, பிடிஎஃப் கோப்புக்குள் இருந்தது, எல்லாம் அதில் அடக்கம். எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்வது பிரவுசர்தான், அது சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 2020-இல் வந்த குரோம் 85 முதல் வேறு தளத்திலிருந்து வந்தால் தளத்தின் பெயரை மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது.

இதற்கு மருந்து யுடிஎம் (UTM) குறியீடுகள். கூகுள் 2005-இல் வாங்கிய அர்ச்சின் (Urchin) என்ற நிறுவனத்தின் பெயர் அந்த முதல் எழுத்தில் இன்னும் இருக்கிறது. நீங்கள் பகிரும் இணைப்பின் கடைசியில் எங்கே பகிர்ந்தீர்கள் என்று எழுதிவிடலாம். விளம்பரதாரருக்குத் தரும் இணைப்பிலும் இதைச் செய்யுங்கள். ஆனால் உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் போட்டுவிடாதீர்கள். வாசகர் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் குழம்பிப்போகும்.

தறிநூல் | வியாழன், பிற்பகல் 2:15

வெளியிலிருந்து தளங்களின் டிராஃபிக்கை மதிப்பிட்டுச் சொல்லும் சேவைகளை விளம்பரதாரர் எடுத்துக்காட்டினால் கலங்காதீர்கள். அவர்கள் உங்கள் சர்வரையும் பார்ப்பதில்லை, உங்கள் டேக்கையும் பார்ப்பதில்லை. சிலரது பிரவுசரிலிருந்து கிடைக்கும் தகவலை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறார்கள். அலெக்ஸா தரவரிசையும் அப்படித்தான் இருந்தது, 2022 மே 1-இல் அதை மூடிவிட்டார்கள். பெரிய தளங்களுக்கு அந்த ஊகம் ஓரளவு பொருந்தும். நம்முடையது மாதிரிச் சின்னத் தளங்களில் அவர்களிடம் போதிய தகவலே இருக்காது.

செடிகொடி | வெள்ளி, மாலை 6:20

விளம்பரதாரருக்கு எழுதிவிட்டேன். அனுப்பியதை இங்கே இடுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

"போன மாதம் கூகுள் அனலிட்டிக்ஸ் கணக்கில் 2,140 யூசர்கள். இது பிரவுசர்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை கூடவோ குறையவோ இருக்கலாம். பக்கப் பார்வை சுமார் 4,900. டேக் இருமுறை ஓடிய பிழையைக் கழித்த மதிப்பீடு இது. புதன் இரவு பிழையைச் சரிசெய்துவிட்டேன், அடுத்த மாதம் சரியான எண் தருகிறேன். கூகுள் தேடலிலிருந்து 1,320 கிளிக். சர்வர் கணக்கில் பாட்கள் கலந்திருப்பதால் அதை நான் பயன்படுத்துவதில்லை."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மொத்த எண்ணிக்கை அவருக்கு முக்கியமில்லையாம். விதை முளைக்க வைப்பது பற்றிய மூன்று கட்டுரைகளுக்கு எத்தனை யூசர் வருகிறார்கள், அதில் எத்தனை பேர் கடைசிவரை உருட்டுகிறார்கள் என்று கேட்கிறார். ஜிஏ4-இல் 'ஸ்க்ரோல்' என்று ஒரு நிகழ்வு இருக்கிறதே, அதைத் தரலாமா?

எண்ணிப்பார் | வெள்ளி, மாலை 6:58

தரலாம். பக்கத்தின் உயரத்தில் 90 சதவீதத்தைத் தொட்டால்தான் அந்த நிகழ்வு பதிவாகும். உங்கள் கட்டுரைக்குக் கீழே வாசகர் கருத்துகள் நீளமாக இருந்தால், கட்டுரையை முழுக்கப் படித்தவர்கூட 90-ஐ எட்டியிருக்க மாட்டார். அந்த மூன்று பக்கத்திலும் கட்டுரை எத்தனை சதவீதத்தில் முடிகிறது என்று முதலில் பாருங்கள். சராசரி எங்கேஜ்மென்ட் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். டேப் கண்முன் திறந்திருக்கும் நேரத்தைத்தான் அது எண்ணுகிறது, பின்னால் மறைந்து கிடக்கும் நேரத்தை எண்ணுவதில்லை.

செடிகொடி | வெள்ளி, இரவு 9:05

பார்த்தேன். கருத்துகள் அதிகம் உள்ள பக்கத்தில் கட்டுரை 55 சதவீதத்திலேயே முடிந்துவிடுகிறது. டேக் மேனேஜரில் அந்த மூன்று பக்கத்துக்கும் கட்டுரையின் கடைசிப் பத்தி திரையில் தெரிந்தால் பதிவாகும்படி தனி நிகழ்வு வைத்துவிட்டேன். இரண்டு வாரம் ஓடவிட்டு அந்த எண்ணைத் தருகிறேன் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.